சப்பாத்திக்கள்ளியை அழகுக்கு வளர்க்கலாமா?

நம் சங்க அலுவலகங்களின் முகப்பிலும், விற்பனை நிலையங்களின் வாயிலிலும், நெசவாளர் குடியிருப்புகளின் முன்றிலிலும் கொஞ்சம் பசுமை இருக்கவேண்டும் என்னும் ஆவல் அங்கத்தினரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆவல் உள்ள அளவுக்குத் தண்ணீர் இல்லை. பூச்செடி வைத்தால் நாள்தோறும் நீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். புல்தரை அமைத்தால் கேட்கவே வேண்டாம். பாவோட்டிக்கொண்டிருப்பவரும் தறியில் அமர்ந்திருப்பவரும் வேலையை விட்டெழுந்து செடிக்கு நீர் சுமந்துகொண்டிருக்க இயலாது. இந்நிலையில், “சப்பாத்திக்கள்ளியை வையுங்கள், ஒருமுறை நட்டுவிட்டால் போதும், பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை” என்று நாற்றுப்பண்ணைக்காரர்களும் தோட்ட ஆர்வலர்களும் சொல்லும் யோசனை பலருக்குப் பிடித்துப் போயிருக்கிறது.

இந்த யோசனையின் முற்பாதி நமக்கு உடன்பாடே. பிற்பாதிதான் உடன்பாடில்லை. சப்பாத்திக்கள்ளியைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் நட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இருக்கக்கூடிய செடி அதுவன்று. வாடிவிடுமோ என்று பிற செடிகளைப் பார்க்கிறோம். வாசலைத் தாண்டிவிட்டதோ என்று இதனைப் பார்க்கவேண்டும். இப்படிச் சொல்வதற்குத் தமிழ்நாட்டின் பழைய அனுபவமே காரணம். அந்த அனுபவத்தில் நெசவுத் தொழிலுக்கும் உழவுத் தொழிலுக்கும் சமபங்கு உண்டாதலால், இரு தொழிலாரும் அங்கம் வகிக்கும் இவ்விதழில் அதனை விரிவாகக் கூறுவது பொருந்தும் என்று கருதுகிறோம்.

முதலில் செடியைப் பற்றிச் சிறிது. கள்ளி என்னும் பெயர் நமக்குப் பழையது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இலைக்கள்ளியும் நம் பாலை நிலத்துக்கு உரியவை. அவற்றைக் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது; கொழகொழப்பான சாறுதான் வரும். இது வேறு குலம். அமெரிக்கக் கண்டம் இதன் தாயகம். மெக்சிக்கோ நாட்டுக் கொடியின் நடுவே கழுகு அமர்ந்திருப்பது இச்செடியின் மேல்தான். ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. சப்பாத்து வடிவில் இருப்பதால் இப்பெயர் என்பார் சிலர். சப்பாத்தி போல் தட்டையாக இருப்பதால் என்பார் வேறு சிலர். நாகதாளி என்ற பெயரும் வழங்குகிறது.

இலை என்று நாம் நினைப்பது உண்மையில் தண்டு. புதுமடல் கிளம்பும்போது சிறு கொம்பு போன்ற இலைகள் சில நாள் இருந்து உதிர்ந்துவிடும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போய்விடுகிறது. இக்கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்து இரவு வந்தபின் திறந்து காற்றை வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. வேர்கள் ஆழம் போகாமல் மேலாகப் பரவியிருப்பதால் சிறு தூறலின் ஈரத்தையும் விடுவதில்லை. மடல் ஒடிந்து எங்கே விழுந்தாலும் அங்கே வேர்விடும். பழத்தில் விதை நிறைய இருக்கும். பறவைகள் தின்று பல இடங்களில் எச்சமிடும். பராமரிப்பு வேண்டாத செடி என்று இதனைப் புகழ்கிறவர்கள் சொல்லும் குணங்கள் இவையே. காடுமேடெல்லாம் பரவியதற்குக் காரணமும் இவையே.

நம் நாட்டில் இதனை முனைந்து வளர்த்ததற்கு ஒரு காரணம் சாயம். இச்செடியின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் அடைந்து வாழும் ஒருவகைச் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் ஒளிமிக்க சிவப்புச் சாயம் கிடைக்கும். கொச்சினீல் என்பது அதன் பெயர். மெக்சிக்கோவை ஆண்ட ஸ்பெயின் நாட்டவர் இந்தப் பூச்சியைப் பிறர் கையில் சிக்காதபடி நெடுங்காலம் காத்து வந்தனர். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. விலை எப்படி இருந்திருக்கும் என்று சாயப்பட்டறை நடத்துவோர் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வாணிபத்தில் பங்கு பெறக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதில் பெரிதும் ஊக்கம் கொண்டவர். 1786இல் சென்னைக் கடற்கரைப் பக்கத்துப் புல்லில் ஒருவகைப் பூச்சியைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று நம்பி, இங்கிலாந்தில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பாங்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது வேறு பூச்சி. ஆயினும் முயற்சி நிற்கவில்லை. சைதாப்பேட்டையில் இந்தக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. இன்று பேருந்தும் தொடர்வண்டியும் நெருக்கும் சைதாப்பேட்டையில் பூச்சி வரும் வரும் என்று கள்ளியை வளர்த்துக் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆண்டர்சன் 1809இல் காலமானார். அவருடைய சிலை சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது.

1795இல் நீல்சன் என்னும் கப்பல் தளபதி பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது மெக்சிக்கோவில் பேணி வளர்க்கும் உயர்ந்த இனமன்று. சாயம் குறைந்த காட்டினம். தொழில் எழவில்லை. இதில் நம் நெசவாளர் இழந்தது பெரிதன்று என்பது எமது அபிப்பிராயம். கொச்சினீல் பட்டிலும் கம்பளத்திலும் பிடிப்பது போலப் பருத்தியில் எளிதில் பிடிப்பதில்லை. சோழமண்டலக் கரையில் பருத்திக்குச் சிவப்பேற்ற நம்மவரிடம் சாயவேர் இருந்தது. பட்டுக்கு அரக்கு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரசாயனச் சாயங்கள் வந்தபோது இந்த மூன்றும் ஒருங்கே பின்தங்கின. இன்று கொச்சினீல் உற்பத்தியில் பெரு நாடு முன்னிற்கிறது. உணவுப் பண்டங்களுக்கும் ஒப்பனைப் பொருள்களுக்குமே அதில் பெரும்பகுதி போகிறது.

தொழில் போயிற்று, செடி தங்கிவிட்டது. சாயத்துக்கு வந்தது ஒரு பக்கம் இருக்க, வேலிக்கென்றும் மக்கள் இதனை விரும்பி வைத்தார்கள். காசில்லாமல் கிடைப்பது, ஆடுமாடு நுழையாதது, நீர் கேளாதது. வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியைச் சுற்றி இருந்த எல்லை வேலியிலும் பிற முட்செடிகளோடு சப்பாத்திக்கள்ளி இடம்பெற்றிருந்தது. அப்படி வைத்த வேலி ஆண்டுதோறும் இருபுறமும் தடித்துக்கொண்டே போகும். இரண்டு முழ வேலி பத்து முழமாகும். வரப்பும் வண்டிப்பாதையும் மறையும். மேய்ச்சல் தரிசும் குளக்கரையும் அதன் வசமாகும். உள்ளே பாம்பும் எலியும் குடியேறும். வெட்டித் தள்ளலாம் என்றால், வெட்டிய ஒவ்வொரு துண்டும் புதுச்செடியாகும். வெட்டுக்கூலி கொடுத்து நாற்று நடுவது போலத்தான்.

இதனை ஒழித்தது அரிவாளன்று. சாயத்துக்காகத் தேடி அலைந்த அதே குலத்துப் பூச்சி. நீல்சன் கொண்டுவந்த காட்டினப் பூச்சி சாயத்துக்குப் பயன்படாவிட்டாலும், தனக்குப் பிடித்த கள்ளி இனத்தைத் தின்று தீர்ப்பதில் சளைக்கவில்லை. 1836 முதல் 1838 வரை அதனைத் தென்னிந்தியாவில் பரப்பியபோது அந்த இனக் கள்ளி பல இடங்களில் அழிந்தது. 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே விட்ட முயற்சிகளில் உலகத்திலேயே மிகப் பழையவை இவை என்று பூச்சியியலார் குறிப்பிடுகின்றனர். ஆனால் மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் உடைய மற்றோர் இனத்தை அப்பூச்சி தொடவில்லை. அந்த இனம் வறண்ட பகுதிகளில் பெருகி நின்றது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியினத்தைத் தருவித்து விட்ட பிறகே அதுவும் அடங்கியது. சில ஆண்டுகளில் பெரும் புதர்கள் வெளுத்துச் சரிந்தன.

ஆஸ்திரேலியாவில் நேர்ந்ததையும் சொல்லவேண்டும். அழகுக்கு வளர்ப்பது என்னும் நம் பேச்சுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. அங்கும் 1788இல் முதற் குடியேறிகள் கப்பலில் சாயத்துக்கென்று பிரேசில் கள்ளியையும் பூச்சியையும் கொண்டுபோனார்கள். ஆயினும் அந்நாட்டை அலைக்கழித்தது பின்னர் வந்த வேறோர் இனம். 1839இல் தொட்டியில் வைத்து ஸ்கோன் என்னும் ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்ட ஒற்றைச் செடியிலிருந்து அது பரவியதாக அந்நாட்டு ஏடுகள் கூறுகின்றன. தோட்டத்துக்கு அழகு, பண்ணைக்கு வேலி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் மடல் வாங்கி நட்டார்கள். 1925ஆம் ஆண்டளவில் அது பரவியிருந்த நிலம் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் முழுப் பரப்பு 3 கோடியே 20 இலட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதுபோல் ஏறக்குறைய இருமடங்கு நிலம். குடும்பங்கள் பண்ணைகளைக் கைவிட்டு வெளியேறின. நஞ்சு தெளித்தார்கள், எரித்தார்கள், உருளையால் நசுக்கினார்கள், பயனில்லை. 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் முட்டைகள், சுமார் 3,000, வந்து சேர்ந்தன. அவற்றைப் பெருக்கி அடுத்த ஆண்டு முதல் வெளியே விட்டார்கள். அதன் புழுக்கள் மடலைக் குடைந்து தின்றன. 1933க்குள் பெரும்பகுதி நிலம் மீண்டது. குயின்ஸ்லாந்தில் பூனார்கா என்னும் சிற்றூரில் உழவர்கள் அந்தப் பூச்சியின் நினைவாக 1936இல் ஒரு மண்டபமே கட்டினார்கள். மன்னருக்கும் மந்திரிக்கும் மண்டபம் கட்டுவது உலக வழக்கம். அந்துப்பூச்சிக்குக் கட்டினார்கள் என்றால் அவர்கள் பட்ட பாடு எத்தகையது என்பது விளங்கும்.

‘அதெல்லாம் பழங்கதை, இப்போது பூச்சி இருக்கிறதே’ என்று சில அன்பர்கள் கூறக்கூடும். உண்மைதான், பூச்சி இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. அதனால்தான் சாலையோரக் கள்ளி பழையபடி கட்டுமீறவில்லை. ஆனால் ஒவ்வொரு பூச்சியும் தனக்குரிய இனங்களைத்தான் தின்னும். நாற்றுப்பண்ணைகளில் இன்று புதிது புதிதாகப் பல இனங்கள் விற்கின்றன. அவற்றுள் எதனை நம் பூச்சி தின்னும், எதனைத் தின்னாது என்று விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். அழகுக்கென்று வரவேற்கப்பட்டவை பின்னர் என்ன செய்யும் என்பதற்குக் கள்ளி ஒன்றே சான்றுமன்று. ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை அதன் ஊதாப் பூவுக்காகத்தான் இந்தியாவுக்கு வந்தது. மலைச்சாரல்களை அடைத்திருக்கும் உண்ணிச்செடியும் பூந்தோட்டத்துச் செடியாக வந்ததே. நட்டவர்கள் எவரும் தீமை எண்ணி நட்டவர்கள் அல்லர்.

இதற்காகக் கள்ளியையே பகையாகக் கருதவேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கருதியதால் விளைந்த தீங்கும் உண்டு. மடகாஸ்கர் தீவின் தென்பகுதி மழை குறைந்த நாடு. அங்குள்ள மக்கள் கள்ளியை வேலியாகவும் மாட்டுத் தீவனமாகவும் கோடையில் நீருக்கு மாற்றாகவும் கொண்டு வாழ்ந்தனர். 1920களில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பூச்சியை விட்டதும் கள்ளி முழுதும் அழிந்தது, மாடுகள் மடிந்தன, அதைத் தொடர்ந்து வறட்சியும் வந்தபோது மக்கள் பஞ்சத்தில் மாண்டனர். நம் நாட்டிலும் முள்ளில்லாக் கள்ளியைத் தீவனமாக வளர்க்கும் ஆராய்ச்சியை ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை நடத்தி வருகின்றன. மானாவாரி உழவர்க்கு அது பயன்படும் காலம் வரலாம். அது தனியே எழுதவேண்டிய விஷயம்.

ஆகவே நம் முடிவு இது: சாலையோரத்திலும் கரட்டிலும் தானே நிற்கும் முட்கள்ளியை எவரும் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டாம். திருஷ்டிக்கென்று மாடியில் ஒரு தொட்டி வைப்போர் வைக்கட்டும். அந்தத் தொட்டியோடு அது நிற்கட்டும். அழகுக்கு வைப்பதானால், சாம்பல் பூத்த பெரிய மடல்களை உடைய முள்ளில்லா இனத்தை வைக்கலாம். மடல் அகலமாய், வெள்ளைச் சுவரின் முன்னே நிற்கும்போது மிக எடுப்பாக இருக்கும்; கோடையில் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் பூக்கும். இந்த இனத்தை மடல் நட்டுத்தான் பெருக்கவேண்டும். விதையிட்டு வளர்த்தால் முள்ளுள்ள கன்றுகளும் முளைக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த மடலுடைய ஒரு தொட்டி வகையும் விற்கிறது. அது மெல்ல வளர்வதால் சிறு இடத்துக்கு ஏற்றது.

முயல்காது போல் சிறு மடல்களும் அவற்றில் பொன்னிறப் புள்ளிகளும் உடைய வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்கப் பஞ்சு போலிருக்கும்; குழந்தைகள் தடவாமல் இரார். அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான நுண்சுணைகள் உண்டு. பெரிய முள் குத்தினால் பிடுங்கிவிடலாம். சுணை ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, நாள்கணக்கில் உறுத்தும். விரலில் சுணை ஏறியவர் நூலிழை பிணைக்க முடியாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. முள்ளில்லா இனத்திலும் சுணை ஓரளவு உண்டு. தடித்த தாளை மடித்து அதனால் பிடித்தே மடலைக் கையாளவேண்டும். ஏறிவிட்டால் ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

முள்ளில்லாததற்கு வேறொரு தொல்லை உண்டு. அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் 1907ஆம் ஆண்டளவில் முள்ளில்லாக் கள்ளிகளை உருவாக்கிப் பெரும் விளம்பரத்தோடு விற்றார். பாலைவனமெல்லாம் தீவனக்காடாகும் என்று பேச்சு எழுந்தது. முள் போனதும் விலங்குகள் யாவும் அதனைத் தின்னத் தொடங்கின. வேலிக்குப் பேர்போன செடிக்கே வேலி போடவேண்டியதாயிற்று. நம் ஊர் ஆடுகளும் சளைத்தவை அல்ல. ஆகையால் சுற்றுச்சுவருக்குள் வைப்பதே நல்லது.

நடுவதற்குத் தையும் மாசியும் ஏற்ற மாதங்கள். முற்றிய மடலை மூட்டில் அறுத்து, நிழலில் இரண்டு வாரம் கிடத்தினால் அறுத்த வாய் காய்ந்து தோல் கட்டும். காயாமல் நட்டால் அழுகும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, மடலின் மூன்றில் ஒரு பாகம் புதையும்படி நட்டு, ஒரு வாரம் சென்றபின் நீர் விடலாம். பிறகு கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். கரிசல் மண்ணில் நேரே நடக்கூடாது. ஓரடி உயரம் கல்லடுக்கி மேடை கட்டி அதில் நடவேண்டும். தொட்டியானால் அடியில் துளை கட்டாயம். நாள் முழுதும் வெயில் படும் இடமே சிறந்தது. வெண்பஞ்சு போன்ற திட்டுகள் கண்டால் அவை நாம் மேலே சொன்ன பூச்சியே. ஒரு திட்டை வெள்ளை நூலின் மேல் நசுக்கிப் பார்த்தால், ஆண்டர்சன் தேடிய சிவப்பின் சாயலைக் காணலாம். பிறகு சோப்பு நீரால் துடைத்துக் கழுவிவிடலாம்.

சங்கங்கள் செய்யவேண்டியதாக நாம் சொல்வது கொஞ்சமே. பொது இடத்தில் கள்ளி வைப்பதானால் நிர்வாகக் குழுவில் பேசி, எந்த இனம், எத்தனை செடி, யார் பொறுப்பு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். பெயர் தெரியாத இனத்தை வாங்கக்கூடாது. நாற்று விற்கும் சங்கங்கள் மடலை விற்கும்போதே அப்புறப்படுத்தும் முறையையும் வாங்குவோருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். வயலோரம் வேலியாக நடுவதற்கு எவருக்கும் மடல் தரலாகாது. ஒருவர் வேலி அடுத்தவர் நிலத்தில் இறங்கினால், தாவா கடைசியில் சங்கத்தின் வாசலுக்குத்தான் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கழித்த மடல். கவாத்துச் செய்த மடல்களைக் குப்பைமேட்டிலோ ஓடைக்கரையிலோ ஏரிக்கரையிலோ வீசக்கூடாது. மாதக்கணக்கில் வாடிக் கிடந்தபின்பும் ஒரு மழை கண்டால் அது வேர்விடும். சிறு துண்டுகளாக நறுக்கிச் சிமெண்டுத் தளத்தில் சருகாகும்வரை காயவிட்டு எரிக்கலாம். இடமிருந்தால் மூன்றடிக் குழியில் போட்டு மூடலாம். குழி மூடிய இடத்தை அடுத்த மழைக்குப் பின் ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். பழங்களை முற்றவிடாமல் பறித்துவிட வேண்டும். நன்கு பழுத்ததைத் தின்ன விரும்பும் பிள்ளைகள், சுணையைத் தரையில் தேய்த்துப் போக்கியபின் தின்று, தோலையும் விதையையும் அதே குழியில் போடட்டும்.